முதுகுவலி என்று சொல்லி வைத்தோம்

மே 6

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து நான் இங்கே திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் என் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு வரி அனுப்பினீர்கள், நான் ஒரு வரி பதில் போட்டேன். அதற்கு மேல் நமக்குள் பேச்சில்லை. இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும் என்றதும் நீளமாக எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் கூடத்தில் முணுமுணுத்தால் அடுப்படி வரை கேட்கும். இந்த விஷயம் அண்ணன் காதில் என் வாயிலிருந்து முதலில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விஷயம் இதுதான். படிப்பு முடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து படித்தவர்கள் இங்கே தொடர்ந்து வேலை பார்க்க ஒரு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்தேன். அங்கிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. நடுவில் ஒரு செமஸ்டர் முழுக்க நீ வகுப்பில் இல்லை, கல்லூரியில் முறைப்படி விடுப்பும் வாங்கவில்லை, ஏன்? தகுந்த காரணத்தை அத்தாட்சியோடு இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கிடையாது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் குடி மறுவாழ்வு மையத்தில் இருந்த மாதங்களில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அவருடைய கடையை நான் வந்து பார்த்துக்கொண்டேன். ஊருக்கு முதுகுவலி, எண்ணெய் வைத்தியம் என்று சொல்லி வைத்தோம். “காலேஜ்லயும் மூச்சு விடாத” என்றீர்கள். நானும் விடவில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சையில் இருக்கிறார் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால் விடுப்பு கொடுத்திருப்பார்கள். இங்கே மாணவர் அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நம் முதுகுவலியை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மையத்துக்கு எழுதிக் கேட்டேன். சேர்ந்திருந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சான்று தருவார்களாம். அதோடு நடந்ததை அண்ணனே தன் கைப்பட எழுதித் தர வேண்டும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. “போறவ போ, இந்தக் கடைப்படியை இனி மிதிக்காத” என்று வாசலில் நின்று சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பட்டாணி

மே 9

சாமி துணை

அன்புள்ள பட்டாணிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த தரம் கொஞ்சம் பெரிதாக எழுது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, இந்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறது.

உன் அண்ணன் நல்லபடியாக இருக்கிறார். இந்த நிமிடம் வரை தொடவில்லை. நேரத்தோடு கடைக்குப் போகிறார், நேரத்தோடு வருகிறார். கடையில் வேலை பார்க்கிற பியூஸும் சண்டை போடாமல் இருக்கிறான். கோடை வந்தால் பேன் மோட்டார் எரிவது வழக்கம்தானே, வேலைக்குக் குறைவில்லை.

போன வாரம் பெரியம்மா வந்திருந்தார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டு இன்னொரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து வைத்தார். வைத்ததோடு விட்டாரா, என் கண் முன்னால் தேய்த்துவிடு என்றார். உன் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். நான் தேய்த்தேன். இல்லாத வலிக்கு அவர் முனகிய முனகலைக் கேட்டு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொன்னதை அவரிடம் கேட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னேன். மையத்துப் பேச்சே வேண்டாம் என்கிறார். எண்ணெய் வைத்தியர் அவருக்குத் தெரிந்தவர்தானாம், முதுகுவலிக்கு அத்தனை மாதம் வைத்தியம் பார்த்ததாகக் கேட்டால் எழுதித் தருவாராம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் வைத்தியரிடம் பேசட்டுமா? நல்ல மனிதர். முத்திரை எல்லாம் வைத்திருக்கிறார்.

விளக்கேற்றும்போது உன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மே 11

அண்ணிக்கு,

பெரிதாகவே எழுதியிருக்கிறேன். நன்றாகத் தெரியட்டும்.

பொய்ச் சான்று கொடுத்து அகப்பட்டால், அனுமதி இல்லை என்பதோடு போகாது. அப்புறம் இந்த நாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. வைத்தியருடைய முத்திரையை அவரிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தரைக்குக் கீழே ஒரு அறை. ஜன்னல் இருக்கிறது, அதில் தெருவில் போகிறவர்களின் செருப்பும் நாயின் கால்களும் தெரியும். இன்னொரு பெண்ணோடு பங்கு. அவள் பகலில் தூங்குவாள், அதனால் பகலில் எனக்கு அறை கிடையாது. லிப்ட் மோட்டார்களைச் சோதிக்கும் கம்பெனி ஒன்றில் என்னை எடுத்துக்கொண்டார்கள். அனுமதி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றார் மேனேஜர். முதலில் “பரவாயில்லை, மெதுவாக வரட்டும்” என்றார். பிறகு “ஏதாவது தெரிந்ததா” என்றார். இப்போது “இன்னுமா” என்கிறார். நான் தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவள் மாதிரி நூலகத்துக்குப் போய் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அண்ணனிடம் கேட்டீர்களா, கேட்ட மாதிரி கேட்டீர்களா? கை கழுவும்போது சொன்னேன் என்கிறீர்கள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் சொன்னால் யாருக்கு உறைக்கும்? ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அண்ணனை மையத்தில் சேர்த்த அன்று என்னைக் கூப்பிட்டு, வா என்று கேட்டீர்களே. அப்படிக் கேட்டீர்களா?

உங்கள் நாத்தனார்

மே 15

சாமி துணை

பட்டாணிக்கு,

உங்கள் நாத்தனார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இருக்கட்டும். உறவு அதுதானே.

கேட்ட மாதிரிதான் கேட்டேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், மழுப்ப வாய் வரவில்லை.

நீ இங்கே இருந்த மாதங்களில் நான் தூங்கினேன். அது உனக்குத் தெரியாது. கடையை நீ பார்த்தாய். மோட்டார் இன்னும் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை நீ பார்த்தாய். பொழுது சாய வந்து “அண்ணி, பசி கொல்லுது” என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிடுவாய். இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொரு ஆளும் கவலைப்பட இருக்கிறது என்ற தைரியத்தில் நான் கண்ணை மூடினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி மூடியதில்லை. அவர் வந்து சேர்ந்த கையோடு நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். கிளாஸ் தொடங்குகிறது என்றாய். அவர் வாசலில் நின்று கத்தினார். நான் கத்தவில்லை. எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

உனக்கு அனுமதி கிடைக்காவிட்டால் நீ வந்துவிடுவாய். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டேன். விளக்கேற்றிவிட்டு நின்றால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுக்குக் கிடைக்கட்டும் என்று வாய் சொல்கிறது, நெஞ்சு கூடவே வரவில்லை. கிடைக்க வேண்டாம் என்று நெஞ்சு சொல்கிறது, வாய் கூசுகிறது. கையைக் கூப்பியபடி சும்மா நின்றுவிட்டு வருகிறேன். வீட்டு வரவு செலவை நான் எழுதாமல் விட்ட நாள் இல்லை. நீ வருவதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் விஷயத்தைச் சொன்னதற்கு மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. சோறு ஆறிப்போனது. பியூஸைக் கேட்டால் “அண்ணன் அப்பவே கிளம்பிட்டாரே அக்கா” என்றான். வந்ததும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்த்தேன். கடையில் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடைதான். குடி வாடையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிரித்துப் பார்க்க என் மூக்கு பழகிவிட்டது. அவர் கவனித்துவிட்டார். “ஊதிக் காட்டட்டுமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். இப்படி இருக்கிற மனிதரிடம் போய், குடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன், நீயே சொல்.

அண்ணி

மே 18

அண்ணி,

கேட்க வேண்டாம். விட்டுவிடுங்கள்.

நடந்ததை நானே எழுதி, அத்தாட்சி இல்லாமலே அனுப்பிவிடுகிறேன். அப்படி அனுப்பினால் கிடைப்பது கஷ்டம் என்று அந்த அலுவலகத்து அம்மா சொல்லிவிட்டாள். சொல்லும்போது என் தோளைத் தட்டினாள், அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். கிடைக்காவிட்டால் வந்துவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருவேன், கடைக்கு வர மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் ஏன் அவசரமாகக் கிளம்பினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. மையத்திலிருந்து வந்த அண்ணன் முதல் நாள் கடைக்கு வந்தபோது அவருடைய நாற்காலியில் நான் இருந்தேன். எழுந்துகொண்டேன். அவர் உட்காரவில்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்குப் போட்டிருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “சொல்லுங்க முதலாளி, நான் என்ன செய்யணும்” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் பியூஸும் சிரித்தோம். மறுநாளும் அதே ஸ்டூல், அதே பேச்சு. அதற்கு மறுநாளும். கம்பியைத் தொடவில்லை, கை நடுங்குகிறது என்றார். நான் கட்டிய காயிலைப் பார்த்து “நல்லாருக்கு” என்றார். அடுத்தவர் கட்டியதை அண்ணன் நல்லாருக்கு என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

நான் அங்கே இருக்கிறவரை அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. அதைச் சொன்னால் உடைந்துபோவார் என்றும் தோன்றியது. அதனால் கிளாஸ் தொடங்குகிறது என்றேன். நீங்கள் எல்லோரும் ஒரு முதுகுவலி சொன்னீர்கள், நான் ஒன்று சொன்னேன்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணி.

பட்டாணி

மே 24

சாமி துணை

அன்புள்ள பட்டாணிக்கு,

இத்தோடு வரும் படங்களை முதலில் பத்திரப்படுத்திக்கொள். மையத்துச் சான்று ஒன்று. உன் அண்ணன் கைப்பட எழுதியது ஒன்று. அதன் மொழிபெயர்ப்பு, முத்திரையோடு, ஒன்று. மூலத்தை விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ ஸ்டூலைப் பற்றி எழுதியதை மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பியூஸ் டீ குடிக்கப் போயிருந்தான். இந்தத் தரம் நேருக்கு நேராக நின்று சொன்னேன். அவர் ஒரு பம்பு மோட்டாருக்குள் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. அந்தக் காயிலை முடித்து நூலால் இறுக்கிக் கட்டியபிறகு, “அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான். மறுநாள் கடையைத் திறக்காமல் மையத்துக்குப் போனார். கூட வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்காமல் நான் சாப்பாடு போட்டேன்.

பிறகு எழுத உட்கார்ந்தார். நீ என்னைக் கிண்டல் செய்வாயே, உங்க வீட்டுக்காரர் ரசீதுல கையெழுத்துப் போடவே அரை நாள் எடுப்பார் என்று. அப்படித்தான். எழுதினார், கசக்கினார், எழுதினார்.

எழுதியதை மொழிபெயர்த்து முத்திரை போட நம் பக்கத்தில் இருப்பது ஒரே ஆள். கடைக்கு எதிரே இருக்கிற டைப்பிஸ்ட் அக்கா. அந்த அக்காவிடம் சொல்வதும் தெருவில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. முதுகுவலி என்பதையே நாம் அவரிடம்தான் முதலில் சொன்னோம், தானாகப் பரவட்டும் என்று. அதனால் பஸ் ஏறி வேறு ஊரில் போய்ச் செய்துகொள்ளலாம் என்றேன். உன் அண்ணன் கேட்கவில்லை. எதிரிலேயே இருக்கும்போது பஸ் எதற்கு என்றார். வெளிநாட்டு ஆபீசர் முகத்தை நாம் பார்க்கப் போவதே இல்லை, இத்தனை நாளும் பயந்தது இந்தத் தெருவுக்குத்தானே என்றும் சொன்னார்.

போனோம். வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு ஒரு பழக்கம், தாளில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக்கொண்டுதான் தட்டுவார். மெதுவாகப் படியுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் முதல் வரி போய்விட்டது. இரண்டாவது வரியில் அக்காவின் விரல் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“தம்பி, உடல்நலக் குறைவுன்னு போட்டுரட்டுமா? அதுவும் சரியாத்தான் வரும்.”

“குடின்னே போடுங்கக்கா. உங்க மெஷின்ல அடிச்சா மட்டும் மாறிடவா போகுது.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“சத்தமாவே படிங்க” என்றார் உன் அண்ணன். “தப்பு இருந்தா நான் சொல்லணும்ல.”

அக்கா படித்தார். ஒவ்வொரு வரிக்கும் உன் அண்ணன் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எப்போது ஆரம்பித்தது, கடையில் மறைத்து வைத்தது, ஒரு மோட்டாரைத் தப்பாக இணைத்து ஒருவர் வீட்டில் தீப்பிடிக்க இருந்தது, எல்லாம். எனக்கே தெரியாதது ஒன்றிரண்டு அதில் இருந்தது. கடைசி வரியை மட்டும் அக்கா வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு தட்டினார். அந்த வரியை நீயே படித்துக்கொள், நான் எழுத மாட்டேன்.

வெளியே வந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பியூஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குள் போய், பாதியில் விட்ட வேலையை எடுத்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அதற்குள் எப்படித் தெரியும்.

அண்ணி

மே 27

அண்ணி,

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

நூலகத்துப் படியில் உட்கார்ந்து படித்தேன். கடைசி வரியை மொழிபெயர்ப்பில் ஒரு தரமும் அண்ணன் எழுத்தில் பல தரமும் படித்தேன். ‘என் தங்கை படிப்பை விட்டுவிட்டு வந்து என் கடையைக் காப்பாற்றினாள். காப்பாற்றியதற்காகவே நான் அவளை மன்னிக்காமல் இருக்கிறேன். இது என் குறை, இதை அவள் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

அண்ணன் என்னிடம் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதையும் என்னிடம் பேசவில்லை பாருங்கள். பேர் தெரியாத ஏதோ ஒரு ஆபீசரிடம்தான் பேசியிருக்கிறார்.

தெருவில் எப்படி இருக்கிறது? அண்ணன் எப்படி இருக்கிறார்? நீங்கள்?

பட்டாணி

ஜூன் 20

சாமி துணை

அன்புள்ள பட்டாணிக்கு,

பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய். எழுதத் தெம்பில்லை.

டைப்பிஸ்ட் அக்கா, நம்பவே மாட்டாய், வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் திறந்துவிட்டார்கள். பெரியம்மா வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, எண்ணெய் பாட்டில்களை எடுத்துவா என்றார். “வலிக்காத முதுகுக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்?” என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஓட்டல்காரர் கொடுத்திருந்த இரண்டு மோட்டார்களையும் கட்டாமலே திருப்பி எடுத்துக்கொண்டார். குடிகாரனிடம் கொடுத்துவிட்டு எவன் ஷாக் அடித்துச் சாவது என்று பியூஸிடம் சொன்னாராம். அவன் அதை அப்படியே வந்து உன் அண்ணனிடம் ஒப்பித்துவிட்டான். உன் அண்ணன், “நியாயம்தானே” என்றார்.

ஆனால் மற்றவர்கள் வருகிறார்கள். வெயில் அப்படி. பேன் சுற்றாவிட்டால் மானம் மரியாதை எல்லாம் அப்புறம்தான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். கை நடுங்கினால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறார். வீட்டில் பேச்சு குறைவு. உனக்கு ஏதாவது வந்ததா என்று வாயால் கேட்பதில்லை. நான் போனைப் பார்த்தால் என் முகத்தைப் பார்க்கிறார்.

அண்ணி

ஆகஸ்ட் 3

அண்ணி,

வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு. கம்பெனியிலும் இடத்தை வைத்திருந்தார்கள், மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார். திங்கட்கிழமை போகிறேன்.

துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். மெயிலைப் படித்ததும் நூலகத்து மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட்டேன். மூடும் நேரமாகிவிட்டது என்று வந்து எழுப்பினார்கள். அறைக்கு வந்தும் அசதி போகவில்லை. இத்தனை மாத அசதி ஒரேயடியாக வந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது.

அண்ணனிடம் சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன். நீங்கள் முதலில் சொல்லி, எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுகிறீர்களா?

பட்டாணி

ஆகஸ்ட் 5

சாமி துணை

அன்புள்ள பட்டாணிக்கு,

நல்ல செய்தி. படித்துவிட்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துப் பார்க்கவில்லை, பார்த்தால் உனக்கு எழுத முடியாது. நீ நன்றாக இரு. முதல் நாள் வேலைக்குப் போகும்போது வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ.

நான் அவரிடம் சொல்ல மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. அவர் சொன்னதை உனக்கும், நீ சொன்னதை அவருக்கும், நீங்கள் இருவரும் சொல்லாததை இருவருக்கும் தூக்கிக்கொண்டு நடந்து எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து நடக்க என்னால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் அண்ணன் கூடத்தில்தான் இருப்பார். போனை அவர் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். நீயே கூப்பிடு. நீயே சொல். கத்தினால் நீயும் கத்திக்கொள், அண்ணன் தங்கைக்குள் அது புதிதில்லை. ஒன்றும் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. போனை மட்டும் வைத்துவிடாதே.

அண்ணி எங்கே என்று கேட்க வேண்டாம். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். எழுப்பச் சொல்லாதே.

அண்ணி